புதுப்பிப்பு: அப்பாவின் உள்ளங்காலை டாக்டர் கீறிப் பார்த்தது ஏன்?

நடை தடுமாறும் அப்பாவின் உள்ளங்காலை நரம்பியல் டாக்டர் சாவியால் கீறிப் பார்த்துவிட்டு, கழுத்துக்கு எம்ஆர்ஐ எழுதினார், எதற்கு என்று கேட்டிருந்தேன் அல்லவா? பதில் கிடைத்துவிட்டது.

அது பாபின்ஸ்கி சோதனை. 1896-ல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி விவரித்தது. கீறினால் பெரியவர்களுக்குக் கால் கட்டைவிரல் கீழே மடங்க வேண்டும். அப்பாவுக்கு மேலே எழும்பியது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதையில் கோளாறு என்று அர்த்தம். (கைக்குழந்தைகளுக்கு மேலே எழும்புவது சகஜம், பதறாதீர்கள்.) சுத்தியலால் தட்டியபோதும் முழங்கால் அளவுக்கு மீறி உதறியது. கீழ்முதுகில் நரம்பு நசுங்கியிருந்தால் அந்த உதறல் குறைந்திருக்குமாம். கைவிரல்களிலும் பிடி தளர்ந்திருந்ததால் சந்தேகம் கழுத்துக்குப் போனது.

சரி, ஸ்கேனும் வந்தது: கழுத்தில் எலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. அடுத்து அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கிறோம்.