[கலைச்சொல்] கழிவுநீர்ப் பம்பு: ஓடும் மட்டம், நிற்கும் மட்டம்

ந. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நீர்மூழ்கிக் கழிவுநீர்ப் பம்பை முதன்முறை ஓட்டும் பாடத்தில் ஒரு சிக்கல். கழிவுநீர் சேரும் கிணற்றில் ஐந்து மட்டங்கள் குறிக்க வேண்டும். கீழிருந்து மேலாக: பம்பு வறண்டு ஓடாமல் துண்டிப்பது, வழக்கமாக நிற்பது, முதல் பம்பு ஓடத் தொடங்குவது, இரண்டாவது சேர்ந்துகொள்வது, அபாய மணி. 'தொடக்க மட்டம்', 'நிறுத்த மட்டம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

செ. எழுதியது:
'தொடக்க மட்டம்' வேண்டாம். தொடக்க விலை, தொடக்கப் பள்ளி மாதிரி, ஆரம்பத்தில் இருந்த மட்டம் என்றே படிப்பார்கள். வினைத்தொகையாக 'ஓடுமட்டம்', 'நில்மட்டம்' என்று வைக்கலாமே.

பு. எழுதியது:
செ. ஐயா, புணர்ச்சியை மறந்துவிட்டீர்கள். கல்+மலை கன்மலை ஆவதுபோல் நில்+மட்டம் 'நின்மட்டம்' ஆகும். உன்னுடைய மட்டம்! பம்பைத் திட்டுவதுபோல் இருக்கிறது. இன்னொன்று, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கிப் பம்பை ஓட்டி நிறுத்தும் ஃப்ளோட்டுக்குக் கையேட்டில் 'மிதவை' என்று இருக்கிறது. புறநானூறு 215இல் மிதவை என்பது வரகோடு வேளைப்பூவும் தயிரும் கலந்து சமைத்த புளிப்பான உணவு. 'மிதப்பு' எனலாம்.

இ. எழுதியது:
எங்கள் பக்கம் பம்புக்குப் பம்பி, சுவிட்சுக்கு ஆளி. 'மிதவை ஆளி' என்றால் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்கும், கூழ் நினைவுக்கு வராது. ஆனால் 'ஓடுமட்டம்' இடிக்கிறது. 'வருமட்டும் இரு' என்றால் வரும்வரை இரு. 'பம்பி ஓடுமட்டம்' என்பதை அவசரத்தில் 'ஓடுமட்டும்' என்று வாசித்தால், பம்பி ஓடும்வரை என்றாகிவிடும்.

மு. எழுதியது:
சொல்லை விடுங்கள், அது எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்ப்போம். நிற்கும் மட்டத்தைப் பம்பு தயாரிப்பாளர் கொடுத்த குறைந்தபட்ச மூழ்கலுக்குக் கீழே வைக்கவே கூடாது. சுற்றியுள்ள நீர்தான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. நீர் தாழ்ந்தால் சுழி விழுந்து காற்றையும் இழுக்கும். ஓடும் மட்டம், கிணற்றுக்குள் வரும் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடைக் குழாயே தொட்டியாகிக் கசடு தங்கும்.

இரண்டுக்கும் இடையிலுள்ள கொள்ளளவு: ஒரு தொடக்கத்துக்கும் அடுத்த தொடக்கத்துக்கும் இடையிலான குறைந்தபட்ச நேரத்தைப் பம்பின் பாய்வால் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். வினாடிக்கு 20 லிட்டர் தள்ளும் பம்பு, மணிக்கு 10 தடவைக்கு மேல் தொடங்கக் கூடாது என்றால் 360 × 20 ÷ 4 = 1,800 லிட்டர். 2 மீட்டர் விட்டக் கிணற்றில் சுமார் 57 செ.மீ. வரத்து மிகும்போதுதான் அடிக்கடி ஓடி நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வரத்து பம்பின் பாய்வில் பாதியாக இருக்கும்போதுதான் அது உச்சம். இரண்டு பம்புகள் மாறி மாறி ஓடினால் ஒவ்வொன்றும் தொடங்கும் தடவைகள் பாதியாகும்.

அதனால் 'முதல் பம்பு' என்பதும் தவறு. அடுத்த சுற்றில் இரண்டாம் எண் பம்பு முந்தும். முறைப்பாசனம் போல 'முறைப் பம்பு', மற்றது 'துணைப் பம்பு'.

செ. எழுதியது:
முறைமாமன் மாதிரி ஒலிக்கிறது. ஆனாலும் நல்ல சொல். பம்பு ஓடியும் தண்ணீர் ஏறாமல் காற்று சிக்கிக்கொள்வதற்கு 'காற்றடைப்பு' போடலாமா?

மு. எழுதியது:
டயருக்குக் காற்றடைப்பது நினைவுக்கு வரும். களத்தில் 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள். காலிக் கிணற்றில் பம்பை இறக்கிவிட்டுத் தண்ணீர் விட்டால் காற்று உறைக்குள்ளேயே தங்கும். மோட்டார் ஓடும், ஆம்பியர் குறைவாகக் காட்டும், நீர் வராது. நிறுத்தி, சங்கிலியில் கொஞ்சம் தூக்கி மறுபடி இறக்கினால் காற்று போய்விடும்.

சுழலும் திசையைப் பார்க்கும் வரியும் மாற வேண்டும். தொங்கும் பம்புக்கு ஒரு கணம் மட்டும் மின்சாரம் விட்டால், உள்ளே சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகப் பம்பு உதறும். மேலிருந்து பார்க்கச் சக்கரம் வலஞ்சுழி என்றால் உதறல் இடஞ்சுழி. கிட்டே நிற்கக் கூடாது. தப்பாக இருந்தால் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, மூன்று பேஸில் ஏதேனும் இரண்டை மாற்ற வேண்டும். தலைகீழாகச் சுழன்றாலும் தண்ணீர் வரும், குறைவாக. அதில்தான் ஏமாறுகிறார்கள். 'மிதவையைச் சரிபார்க்க' என்ற வரியில், 'மேலிருந்து கயிற்றால் தூக்கி' என்று சேருங்கள். மாணவன் உள்ளே இறங்கிவிடப் போகிறான். கழிவுநீரிலிருந்து எழும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டதாக நினைப்பான்.

ந. எழுதியது:
அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். 'ஓடத் தொடங்கும் மட்டம்', 'நிற்கும் மட்டம்', 'முறைப் பம்பு', 'மிதவை சுவிட்ச்'. நான்கு பேர் சரி என்கிறீர்கள். இத்தோடு அனுப்புகிறேன்.

பு. எழுதியது:
அனுப்புங்கள். ஆனால் 'ஓடத் தொடங்கும் மட்டம்' கலைச்சொல் அல்ல, விளக்கம். பேனலில் ஒட்டும் சீட்டில் அது எத்தனை வரி பிடிக்கும்? 'எழுமட்டம், ஓய்மட்டம்' என்பதை யாருமே எடுத்துப் பேசவில்லை.

இ. எழுதியது:
நீங்கள் இப்போதுதானே சொல்கிறீர்கள், ஐயா. 'ஆளி'க்கு என் வாக்கு அப்படியே இருக்கிறது.