தழும்பின் மேல் மெல்லிய கோட்டில் டாட்டூ, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கப்பலில் வேலை பார்த்த அண்ணனின் நினைவாக முன்கையில் ஆர்க்டிக் ஆலா ஒன்றைக் குத்திக்கொள்ள ஆசை. வருடாவருடம் வடதுருவப் பகுதியிலிருந்து தென்துருவக் கடல் வரை போய்த் திரும்பும் பறவை. அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை.

சிக்கல் இடத்தில்தான். அங்கே அறுவை சிகிச்சைத் தழும்பு குறுக்கே ஓடுகிறது. 2 வருடப் பழசு, வெளுத்துவிட்டது, தொட்டால் லேசாக மேடு தெரியும். அதையே அடிவானக் கோடாக்கி, வால் அதைத் தொடுவது போல வேண்டும். 6 செ.மீ., கறுப்பு மை மட்டும்.

தோல் மருத்துவர் சரி என்றார். ஆனால் ஒரு டாட்டூ கலைஞர் தழும்பில் மை சீராக நிற்காது, வாலின் கோடுகள் பரவும் என்கிறார். இன்னொருவர் தாராளமாகக் குத்தலாம் என்கிறார். ஸ்டென்சில் ஒட்டியும் பார்த்தேன், கையைத் திருப்பினால் வால் வளைகிறது. அப்புறம், தழும்பை வண்ணத்தால் மறைக்கும் யோசனை வேண்டாம்.

மேடான தழும்பில் மெல்லிய கோடு குத்திச் சில வருடம் ஆனவர்களே, அந்தக் கோடு இப்போது எப்படி இருக்கிறது?