சவர்டோ ரொட்டி: வேலூர் வெயிலுக்கு ஃபிரிட்ஜா, வெளியவா?

காட்பாடிக்காரி:
வாரக்கடைசியில வீட்லயே சவர்டோ (கடை ஈஸ்ட் போடாம, தானா புளிக்க வச்ச மாவுல சுடற ரொட்டி) சுடறேன். சாப்பிடறது ரெண்டே பேர், ஒரு ரொட்டி வாரம் முழுக்க ஓடணும். பேக்கிங் சேனல்காரங்க எல்லாரும் பாடறது ஒரே பாட்டு: துணியில சுத்தி மேடையில வைங்க, ஃபிரிட்ஜ் பக்கமே கொண்டு போகாதீங்க. மார்கழிக்கு அது சரி. இப்போ அக்னி நட்சத்திரம், சமையக்கட்டுல மத்தியானம் நிக்கவே முடியல. துணியில வச்சா வெட்டின பக்கம் காஞ்சு போகுது, மேடையில ஒட்டி இருந்த அடிப்பக்கம் பச்சைப் புள்ளி வருது. மாமியார் எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சாங்க. பூசணம் வரல, ஆனா கத்தி இறங்க மாட்டேங்குது. நம்ம ஊர்ல சுடறவங்க எப்படி வைக்கிறீங்க?

பாகாயம்வாசி:
அக்கா, ஃபிரிட்ஜ் மட்டும் வேணவே வேணாம். ரொட்டி கெட்டியாகறதுக்கு ஈரம் போறது மட்டும் காரணம் இல்ல. சுடும்போது மாவுல இருக்கிற ஸ்டார்ச் (மாவுச்சத்து) தண்ணியைக் குடிச்சு இளகுது. ஆறினதும் அது மறுபடி ஒழுங்கா அடுக்கிக்க ஆரம்பிக்குது, அதனாலதான் உள்பக்கம் விறைக்குது. இந்த வேலை ரொம்ப வேகமா நடக்கறது 4 டிகிரி வாக்குல. நம்ம ஃபிரிட்ஜ் நடுத்தட்டு அந்தக் குளிர்லதான் இருக்கு. காத்துப் போகாம மூடி வச்சாலும் ரொட்டி பழசாகும்னு 1852லயே பூசாங்கோன்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி காட்டிட்டார். அதனால டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சேன்னு சொன்னாலும் தப்பிக்க முடியாது.

என் வழி: நல்லா ஆறினதும் துண்டு துண்டா வெட்டி ஃபிரீசர். மைனஸ் 18ல அந்த அடுக்கல் கிட்டத்தட்ட நின்னுடும். வேணும்கிறப்ப ரெண்டு துண்டு எடுத்து நேரா தோசைக்கல்லுல போடுங்க, வெளிய வச்சு உருக விட வேணாம்.

கோட்டைச்சுத்து:
தம்பி, புத்தகம் நல்லா படிச்சிருக்கீங்க. ஒண்ணு கேக்கறேன். இந்தப் "ஃபிரிட்ஜ் கூடாது" எந்த ஊர்ல எழுதினது? சமையலறை 20 டிகிரி இருக்கிற ஊர்ல. அங்க துணியில வச்சா நாலஞ்சு நாள் தாங்கும். சத்துவாச்சாரியில மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற என் வீட்ல ராத்திரி பத்து மணிக்குக்கூட சுவர் சுடும். அதுல ரொட்டியை வச்சா பூசணத்துக்கு நானே பாய் விரிச்ச மாதிரி.

அடுத்தது ஃபிரீசர். எங்க வீட்ல இருக்கிறது சிங்கிள் டோர். மேல ஒரு ஐஸ் பெட்டி, அதுல பாதியை ஐஸே அடைச்சுக்கிட்டு இருக்கும். மிச்சத்துல மீன், தேங்காத் துருவல், புள்ளைங்களோட குச்சி ஐஸ். ஐஸ் கரைக்க பட்டனை அழுத்தினா எல்லாம் தண்ணி. அதுக்குள்ள ரொட்டியா? நான் ஃபிரிட்ஜ்லதான் வைக்கிறேன். கெட்டியாத்தான் ஆகும், ஆகட்டுமே. எப்படியும் டோஸ்ட் போட்டுத்தானே திங்கறோம்? சூடு ஏறினா இளகிடுது. பூசணம் பூத்தா இளகுமா?

பாகாயம்வாசி:
அண்ணா, சூடு பண்ணினா இளகும்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி. 60 டிகிரி தாண்டினா அந்த அடுக்கு கலைஞ்சுடும். ஆனா அது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆறினதும் முன்னைவிட வேகமா விறைக்கும், ஏன்னா சூடு பண்ணும்போது இன்னும் கொஞ்சம் ஈரம் போயிடுது. ஆபீசுக்கு டிஃபன் பாக்ஸ்ல சாண்ட்விச் கட்டிட்டுப் போறவங்களுக்கு உங்க வழி உதவாது. காலையில கல்லுல இருந்து நேரா தட்டுக்குன்னா ஓகே.

கோட்டைச்சுத்து:
நான் கல்லுல இருந்து தட்டுக்குத்தானே சொல்றேன்! சாண்ட்விச்சுக்குக் கடை ரொட்டி வாங்கிக்கலாம்.

ஆம்பூர்பாய்:
கடை ரொட்டின்னதும் உள்ள வரேன். எங்க குடும்பத்துக்கு பேக்கரி தொழில். கடை ரொட்டி எப்படி அத்தனை நாள் மெத்துன்னு நிக்குதுன்னு கேக்கறவங்க கவர் பின்னாடி பாருங்க, 282ன்னு ஒரு நம்பர் இருக்கும். கால்சியம் ப்ரோப்பியனேட், பூசணத்துக்குத் தடை. அதோட எண்ணெய், சர்க்கரை, மாவை மெத்துன்னு வைக்கிற பொருள் எல்லாம் சேரும். உங்க வீட்டு சவர்டோவுல மாவு, தண்ணி, உப்பு மட்டும். புளிப்பு அமிலம் ஓரளவு காவல் காக்கும், அதனாலதான் ஈஸ்ட் ரொட்டியைவிட ஒண்ணு ரெண்டு நாள் கூடுதலா நிக்குது. மே மாசத்துல அந்தக் காவல் போதாது.

ஆனா தங்கச்சி, உங்க கேள்வியில ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. அடிப்பக்கம்தான் பூசணம் வருதுன்னீங்க. அது ஆறாம வச்ச ரொட்டி. அடுப்புல இருந்து எடுத்ததும் கம்பி ஸ்டாண்டுல வைங்க, அடியிலயும் காத்து போகணும். மேல தொட்டா ஆறின மாதிரிதான் இருக்கும், நடுவுல ஆவி இருக்கும். வெட்டிப் பாத்து கத்தியில பிசுபிசுன்னு ஒட்டினா இன்னும் ஆறலன்னு அர்த்தம். நம்ம ஊர் கோடையில ரூமே கொதிக்குது, அது ஆற ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். சாயங்காலம் சுட்டா ராத்திரி முழுக்க ஸ்டாண்டுல விட்டு, மேல மெல்லிசு துணி மட்டும் போடுங்க. காலையில வெட்டுங்க.

காட்பாடிக்காரி:
நான் எடுத்ததும் மரப்பலகையிலதான் வைக்கிறேன் பாய். அடியில ஈரம் வேர்த்து நிக்கும். ஸ்டாண்டு வாங்கிடறேன்.

ராணிப்பேட்டை டீச்சர்:
எல்லாரும் எங்க வைக்கிறதுன்னே பேசறீங்க. அந்தப் பச்சைப் புள்ளி வந்த ரொட்டியை என்ன பண்ணீங்கன்னு யாருமே கேக்கல. புள்ளியை மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை டோஸ்ட் போட்டீங்களா?

கோட்டைச்சுத்து:
எங்க அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க டீச்சர். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

ராணிப்பேட்டை டீச்சர்:
ஆனதில்லன்னா ஆகாதுன்னு இல்ல. கண்ணுக்குத் தெரியற பச்சை அதோட மேல்பாகம்தான். ரொட்டி மிருதுவானது, ஓட்டை ஓட்டையா இருக்கு, அதோட இழை உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாத்தா தெரியாது. சில பூஞ்சை விடற நஞ்சு தோசைக்கல் சூட்டுக்கெல்லாம் போகாது. முழு ரொட்டியையும் தூக்கிப் போடுங்க. வாடை வருதான்னு மூக்கு கிட்ட வச்சு மோந்தும் பாக்காதீங்க, பூசண வித்து (விதை மாதிரி தூள்) மூச்சுல போகும். ரொட்டி சுத்தின துணியைக் கொதிக்கிற தண்ணியில அலசி வெயில்ல போடுங்க. சூளை மாதிரி அடுப்புல இருந்து வரும்போது ரொட்டியில உயிரோட பூசணம் இருக்காது. பின்னாடி காத்து, கத்தி, துணி, நம்ம கை வழியாத்தான் ஏறுது. ஒரே துணியை மாத்தாம சுத்தினா பழைய ரொட்டி புது ரொட்டிக்கு வித்து கொடுக்கும்.

இன்னொண்ணு. பூசணம் இல்லாமலே வெயில் காலத்துல உள்பக்கம் பிசினா இழுத்து, பழுத்து அழுகின முலாம்பழ வாடை அடிச்சா அது பாக்டீரியா. அதோட வித்து அடுப்புச் சூட்டையும் தாங்கும். சவர்டோவுல புளிப்பு இருக்கிறதால அது வர்றது அபூர்வம். ஆனா ஸ்டார்டர் (புளிக்க வைக்கிற தாய்மாவு) மந்தமா இருக்கு, புளிக்கலன்னு ஈஸ்ட் போட்டு அவசரமா சுட்டா அந்தக் காவலும் இல்ல.

ஆம்பூர்பாய்:
டீச்சர் சொன்ன வாடை எங்க பட்டறையில எல்லாருக்கும் தெரியும். அது வந்தா அன்னிக்கு மேஜை, தட்டு எல்லாத்தையும் வினிகர் போட்டுக் கழுவணும்னு பெரியவங்க சொல்வாங்க.

பாகாயம்வாசி:
கோட்டை அண்ணனுக்கு. ஐஸ் பெட்டி பிரச்சினை நிஜம்தான், ஒத்துக்கறேன். ஆனா முழு ரொட்டியை வைக்கச் சொல்லல. துண்டுகளைத் தட்டுல பரப்பி இறுக விட்டுட்டு, அப்புறம் ஜிப் கவர்ல காத்தைப் பிழிஞ்சு வெளியேத்தி அடுக்கினா ரெண்டு விரல் கனம், மீன் பக்கத்துல செருகிடலாம். வாடை ஏறாம இருக்க ரெண்டு கவர். ஐஸ் கரைக்கிற நாளுக்கு முந்தின நாள் எடுத்துத் தின்னு முடிச்சுடுங்க. கரண்ட் கட் ஆனா கதவைத் திறக்காம விடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது.

கோட்டைச்சுத்து:
மீன் பக்கத்துல செருகின ரொட்டியில வெண்ணெய் தடவி நீங்க தின்னுங்க தம்பி.

காட்பாடிக்காரி:
எங்க வீடு சைவம், அந்தக் கவலை இல்ல :) ஆனா மாமியாரோட உறைஞ்ச பட்டாணி ஒரு மூட்டை இருக்கு.

பாகாயம்வாசி:
அண்ணா, அப்ப ஒரு கேள்வி. ஃபிரிட்ஜ்ல வச்ச ரொட்டியை எத்தனை நாள் வரைக்கும் திங்கறீங்க?

கோட்டைச்சுத்து:
தீர்ற வரைக்கும். பாலிதீன்ல கட்டி, கீழ காய்கறி டிரே மேல வைப்பேன், அங்க குளிர் கொஞ்சம் கம்மி. திங்கறதுக்கு முன்னாடி கை நனைச்சு துண்டு மேல ரெண்டு சொட்டு தெளிச்சு, இரும்புக் கல்லுல மூடி போட்டு வேகவிடுவேன். மூடிதான் முக்கியம், ஆவியில இளகிடும். அப்புறம் மூடியை எடுத்து மொறுமொறுன்னு. கத்திரிக்கா கொத்சு இருந்தா சொல்லவே வேணாம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா கிடைச்சா அதுலதான் கொத்சு, புளிப்பு ரொட்டிக்கு அது அவ்ளோ பொருந்தும்.

ராணிப்பேட்டை டீச்சர்:
மழைக்காலத்துக்கு எனக்கு வேற பயம். ஐப்பசியில காத்துலயே ஈரம் தொங்கும், துணியில வச்ச ரொட்டி காயறதுக்கு முன்னாடியே நமத்துப் போகும். வெயில்ல காஞ்சு போகாம தடுக்கத் துணி போதாது, மழையில பூசணத்துக்குத் துணி ஆகாது. வெளிய வைக்கிறவங்க வெட்டின முகத்தைப் பலகை மேல கவுத்தி வச்சு, முதல் ரெண்டு நாளைக்கு மட்டும் வச்சுக்கணும்னு என் கருத்து. அதுக்கு மேல ஃபிரீசர்.

ஆம்பூர்பாய்:
எல்லாரும் ஒரு பெரிய ரொட்டியைக் காப்பாத்தத்தான் சண்டை போடறீங்க. ரெண்டு பேருக்கு ஏன் முக்கா கிலோ ரொட்டி? அதே மாவைப் பாதியாப் பிரிச்சு சின்னதா ரெண்டு உருட்டுங்க. ஒண்ணு இன்னிக்கு, ஒண்ணு ஆறினதும் முழுசா ஃபிரீசர். இல்ல, பாதி மாவை ஃபிரிட்ஜ்ல வச்சு ரெண்டு நாள் கழிச்சு சுடுங்க. சுட்ட ரொட்டிக்குத்தான் ஃபிரிட்ஜ் எதிரி. சவர்டோ மாவு அதுக்குள்ள மெதுவாப் புளிச்சு ருசி கூடும்.

பாகாயம்வாசி:
பாய் சொன்னது நல்ல யோசனை. ஆனா வார நாள்ல ஓடிஜியை, அதாவது கரண்ட் அடுப்பைச் சூடாக்கி இன்னொரு தடவை சுட யாருக்கு நேரம்? கரண்ட் பில்லையும் பாருங்க.

காட்பாடிக்காரி:
வாரத்துல ரெண்டு தடவை சுடறது நடக்காது பாய், வேலைக்குப் போறேன். இந்த வாரம் ரொட்டியைப் பாதியா வெட்டி, ஒரு பாதி துண்டு போட்டு ஃபிரீசர். இன்னொரு பாதி பலகையில கவுத்தி, மேல எவர்சில்வர் குண்டானைக் கொஞ்சம் காத்து போற மாதிரி சாய்ச்சு மூடி. அது தீரலன்னா மாமியார் ஃபிரிட்ஜ்ல வைக்கட்டும், கோட்டை அண்ணன் சொன்ன மாதிரி மூடி போட்டுச் சூடு பண்ணிக்கறோம். காஞ்சு போன முனைத் துண்டெல்லாம் சேர்ந்திருக்கு, அதுல பிரெட் அல்வா வருமா பாய்?

ஆம்பூர்பாய்:
கல்யாண பிரியாணிக்கு வைக்கிற அல்வாவுக்குக் கடை பிரெட்தான். சவர்டோ போட்டா எத்தனை நெய் ஊத்தினாலும் புளிப்பு தனியாத் தெரியும். துண்டைப் பொடிசா நறுக்கி நல்லா காய வச்சு மிக்சியில அடிச்சுக்குங்க. கட்லெட்டுக்கு மேல புரட்ட அதைவிட நல்ல தூள் கடையில கிடைக்காது.

கோட்டைச்சுத்து:
அந்தத் தூளையாவது டப்பாவுல போட்டு வெளிய வைக்கலாமா, இல்ல அதுக்கும் மைனஸ் 18ஆ?

பாகாயம்வாசி:
முழுசா காஞ்சிருந்தா வெளியவே வைங்கண்ணா. விரல்ல நசுக்கினா நொறுங்கணும், அமுங்கக் கூடாது.