தினமும் ஒரு மணி நேரம் நடந்தாலும் நாற்காலியிலிருந்து அடிக்கடி எழ வேண்டுமா?

பேரேடு (கேள்வி):
ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்தே போகிறது. காலையில் ஒரு மணி நேரம் வேகநடை உண்டு. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, மாத்திரை இல்லை. காலை நடை போதாதா? இடையில் எழுவதென்றால் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? நின்றபடி வேலை செய்யும் மேசை வாங்கினால் போதுமா?

உடலியங்கியல்:
அந்த நடையை விட்டுவிடாதீர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை அலசி 2016-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், தினம் 60-75 நிமிடம் மிதமாக உடலை இயக்குபவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதால் கூடும் இறப்பு அபாயம் தென்படவில்லை.

ஆனால் உங்களுக்குக் கவலை சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை. தசை சுருங்கும்போது க்ளூட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கும். இதற்கு இன்சுலினின் தயவு வேண்டாம். உட்கார்ந்திருந்தால் தொடையும் கெண்டைக்காலும் சும்மா கிடக்கின்றன. உடல் எடை அதிகமுள்ள 19 பேரிடம் 2012-இல் செய்த சோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெல்ல நடந்ததற்கே சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 24% குறைந்தது. வேகம் கூட்டியபோது 30%. வியர்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

2023-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் வெவ்வேறு இடைவெளிகளை ஒப்பிட்டது. 30 நிமிடத்துக்கு 5 நிமிட நடைதான் சர்க்கரையைத் தெளிவாக இறக்கியது. ரத்த அழுத்தம் எல்லா முறையிலும் 4-5 புள்ளி இறங்கியது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான், ஆகவே இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் உட்காரும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறதே தவிர, இத்தனை நிமிடம் என்று வரையறுக்கவில்லை.

இயன்முறை:
மேசைக்குப் பணம் போடுமுன் யோசியுங்கள். அசையாமல் நிற்பதற்கு உட்கார்வதைவிட மணிக்குச் சுமார் 9 கிலோகலோரிதான் கூடுதலாகச் செலவாகும். நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும். நரம்புச்சுருட்டல் உள்ளவர்களுக்கு அது இன்னும் தொல்லை.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவே பாருங்கள். நடக்க இடமில்லையா, மேசையருகிலேயே 3 நிமிடம்: பாதி உட்கார்ந்து எழுதல், குதிகால் உயர்த்தல், நின்றபடி முழங்காலை மாறி மாறித் தூக்கல். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் ஏறக்குறைய இதே பயிற்சியைச் சோதித்ததில், நடைக்கு நிகராகவே சர்க்கரை குறைந்தது. பாதி உட்காரும்போது முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கவும் கூடாது. குதிகாலை மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று விட்டால் தசை வேலை செய்யாது.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் நின்றுபோகும். காரணம், கணினித் திரையில் வரும் நினைவூட்டல். கை தானாகவே அதை மூடிவிடும். கைக்கு எட்டாத தூரத்தில் டைமர் வையுங்கள், அணைக்கவாவது எழுந்தே ஆக வேண்டும். அடிக்கடி எழுந்துபோய் நிரப்ப வேண்டிய சின்ன தண்ணீர்க் குவளை, தொலைபேசி வந்தால் நின்று பேசுவது, இவையும் உதவும். எல்லா இடைவேளையும் முடியாவிட்டால், சாப்பிட்டபின் வரும் முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் விடாதீர்கள். சர்க்கரை உச்சம் தொடுவது அப்போதுதான்.

பேரேடு:
நன்றி. கூட்டங்கள் இரண்டு மணி நேரம் இழுக்கும், எழவே முடியாது. அப்போது?

உடலியங்கியல்:
காலை ஆட்டுங்கள்! முழங்கால் மடங்கியே இருந்தால் அதன் பின்புறத் தமனியில் ரத்த ஓட்டம் தளர்ந்து, ரத்தக்குழாய் விரிவடையும் திறன் குறைகிறது. ஒரு நிமிடம் ஒரு காலை ஆட்டி நான்கு நிமிடம் நிறுத்தி, இப்படியே மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்களிடம், ஆட்டிய காலில் அந்தப் பாதிப்பு வரவில்லை. ஆட்டாத காலில் வந்தது. இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஆட்டுங்கள். இது ரத்தக்குழாய்க்கு, சர்க்கரைக்கு நடைதான்.

மருந்தாளுநர்:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இன்சுலின், அல்லது கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, அசைவு திடீரெனக் கூடினால் சர்க்கரை தாழலாம். தொடங்கும் நாட்களில் அளந்து பாருங்கள்; மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் நடந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.