மறுமொழி: பிளக்குல ஏறுறது வேற, ஒழுகுறது வேற (கரியேறல், எண்ணெயேறல், பொறியொழுக்கு)

எல்லாருக்கும் வணக்கம்,

பெட்ரோல் இன்ஜின்ல பொறி விட்டு எரிய வைக்கிற ஸ்பார்க் பிளக்குல (பொறிச்செருகி) கறுப்பா கசடு படியுறதுக்கு, அதான் இங்கிலீஷ்ல fouling, தமிழ்ல என்ன சொல்லலாம்னு இங்க ஓடுற பேச்ச மூணு நாளா பேசாம படிச்சிட்டுத்தான் இருந்தேன், ஆனா விட்டா "செருகி மாசுறல்"னு கலைச்சொல் பட்டியல்லயே ஏத்திருவீங்க போல, அதான் குறுக்க வரேன். மாசுன்னா நொய்யல் தண்ணிக்கு ஆனது, காத்துக்கு ஆனது. வண்டி ஏன் இழுக்கலைன்னு கேக்குற ஆள்கிட்ட "பொறிச்செருகி மாசுற்றுள்ளது"ன்னு சொல்லிப் பாருங்க, அவன் துணி எடுத்து தொடைக்கப் போயிருவான். "அடைப்பு"ன்னு சொன்னவங்களுக்கும் அதே பதில்தான், பிளக்குல அடைக்கிறதுக்கு ஓட்டையே இல்லையே, அடைக்கிறது கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை, அந்த ஜெட்.

நான் இருக்கிறது இங்கிலாந்துல லிங்கன்ஷைர் பக்கம். பக்கத்துப் பண்ணைல ஒரு சாம்பல் கலர் ஃபெர்குசன் டிஇ20 நிக்குது, 1946லருந்து 1956 வரைக்கும் கவன்ட்ரில 5 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளின டிராக்டர், இன்னும் ஓட்டுற ஆளுங்க இருக்காங்க. நம்மூர்ல டிராக்டர்னா டீசல்தான், அதுல இந்த பிளக்கே கிடையாது. இது பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கின சொந்தமான டிவிஓங்கிற எண்ணெய்க்கு மாத்துற ரகம், 1949ல வந்தது. இப்ப அந்த எண்ணெய் கடைல கிடைக்காது, வீட்டுக்கு சூடேத்துற மண்ணெண்ணெய்ல கொஞ்சம் பெட்ரோல் கலந்து ஊத்துறாங்க.

மொத தடவ அந்தப் பண்ணைக்காரர் ஸ்டார்ட் பண்றதப் பாத்ததுமே எனக்கு எங்க அப்பாவோட கிணத்துமேட்டு இன்ஜின் ஞாபகம் வந்திருச்சு. அதுவும் இதே கூத்துதான், பெட்ரோல்ல எழுப்பணும், கை வச்சா சுடுற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் எண்ணெய்க் குழாய்த் திருகத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடணும். அவசரப்பட்டு முன்னாடியே திருப்பினா கறுப்பா கக்கிட்டு நின்னுரும், அப்பா "கரி புடிச்சிருச்சுடா, பிளக்க கழட்டு"ம்பாரு. அதாவது நீங்க தேடுற வார்த்தை நம்ம கிணத்துமேட்லயே பல வருஷமா கெடக்கு, இல்லாத ஒண்ண நாம செய்ய வேண்டியதில்ல.

போன மாசம் இந்த டிராக்டர் மூணு சிலிண்டர்ல தடதடன்னு ஓடி, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணுமில்ல. நாலு பிளக்கையும் கழட்டி வரிசை மாறாம பழைய பேப்பர் மேல வச்சோம். ஒண்ணு, ரெண்டு, நாலு இந்த மூணும் காஞ்ச கறுப்பு, விரல வச்சா கண்ணுமை மாதிரி ஒட்டுது, ஊதினா பறக்குது. மூணாம் நம்பர் மட்டும் வேற ஜாதி, பளபளன்னு ஈரக் கறுப்பு, வடைச்சட்டி வெளிப்பக்கம் இருக்குமே பிசுக்கு, அதே மாதிரி, தொடைச்சாலும் போகல. நல்லா எரியுற சிலிண்டர்னா பிளக்கோட மூக்கு, அதாவது நுனில இருக்கிற பீங்கான், காபித்தூள் கலர்ல, கொஞ்சம் வெளிறினாப்ல இருக்கணும்.

காஞ்ச கறுப்புக்கு காரணம் எங்க அவசரம்தான். அவர் ஷெட்டுலருந்து எடுப்பாரு, முத்தத்துல ரெண்டு ரவுண்டு, நிறுத்திருவாரு. ரேடியேட்டருக்கு முன்னாடி குளிர் காத்த மறைக்க மாட்டுற திரையும் மாட்டலை. அந்தப் பீங்கான் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸ் தாண்டினாத்தான் அது மேல உக்காந்த கரிய அதுவே எரிச்சுக்கும், வேலையே குடுக்காம சும்மா உறும விட்டா எங்க அந்த சூடு வரும்? மூணாம் நம்பருக்கு இது காரணம் இல்ல, அங்க இன்ஜின் ஆயில் மேல ஏறுது. சந்தேகம் தீர அந்த பிளக்க சுத்தம் பண்ணி ஒண்ணாம் சிலிண்டர்ல மாட்டி, ஒண்ணாவத மூணுல மாட்டி ஒரு மணி நேரம் உழ விட்டோம். எண்ணெய் பிளக்கோட போகல, மூணாம் சிலிண்டர்லயே நின்னுது, அப்ப ஆயில் மேல ஏறாம தடுக்கிற பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேஞ்சிருக்கு, பிளக்க மாத்தி புண்ணியமில்ல.

இதுக்காகத்தான் இவ்வளவு கதையும். ரெண்டும் கறுப்புதான், ஆனா ஒண்ணுக்கு மருந்து நல்லா வேலை குடுக்கிறது, இன்னொண்ணுக்கு இன்ஜினப் பிரிக்கிறது. "மாசுறல்"ங்கிற ஒத்த சொல்ல வச்சிட்டு இத எப்படிப் பிரிப்பீங்க? தமிழ்ல துருவேறும், பித்தளைல களிம்பேறும், சுவத்துல உப்பேறும். அந்த ஏறல எடுத்துக்குவோம், கரியேறல், எண்ணெயேறல், ரெண்டுக்கும் பொதுவா கசடேறல். பேச்சுல "கரி புடிச்சிருச்சு"ன்னு இருக்கட்டும், "கரிப்பிடிப்பு"ன்னு எழுதினா மட்டும் வேண்டாம், பிடிப்புன்னதும் எனக்கு இடுப்புதான் ஞாபகம் வருது.

இன்னொரு பாதி யாருமே தொடல. கசடு ஏறினா பொறி ஏன் வரல? பொறி தாண்ட வேண்டிய இடைவெளி முக்கால் மில்லிமீட்டர் போல, ஆனா கரி கரண்ட்ட கடத்துமே, மூக்கு மேல ஒரு திண்ணை போட்ட மாதிரி ஆயிடுது, காயில் குடுக்கிற வோல்ட்டேஜ் இடைவெளியத் தாண்டாம அது மேலயே நடந்து பிளக்கோட இரும்பு உடம்புக்கு எறங்கிருது. மல்டிமீட்டர்ல ஒரு முனைய பிளக் தலைல, இன்னொண்ண மரையில வச்சுப் பாத்தேன், புது பிளக்குக்கு மீட்டர் அசையவே இல்ல, கறுப்புப் பிளக்குக்கு 60 கிலோஓம்னு காட்டுது. கண்ணால பாத்தா சுத்தமா தெரியுற பிளக்கும் சில நேரம் இப்படிக் காட்டும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா கேக்கவே வேண்டாம், பிரஷ்ஷோட இரும்பு பீங்கான்ல கோடா இழுபட்டு அதுவே பாதை ஆயிரும். அதனால கறைக்கு ஒரு பேரு, அதால ஆகுற கேட்டுக்கு இன்னொரு பேரு வேணும்.

"மின்கசிவு"ன்னு ஒருத்தர் சொன்னார், அத பேப்பர்காரங்க குடிசை எரிஞ்சா எழுதிட்டாங்க, இனி திருப்பி வாங்க முடியாது. நான் பொறியொழுக்குன்னு சொல்வேன். மழைக்கு ஓடு ஒழுகுற மாதிரி, போக வேண்டிய எடத்துக்குப் போகாம வேற வழில எறங்குது. ஒழுக்கம்னு யாராவது தப்பா படிச்சா படிக்கட்டும், பரவால்ல. எழுதுறப்ப "மூன்றாம் சிலிண்டரில் எண்ணெயேறல், அதனால் பொறியொழுக்கு"ன்னு ஒரே வரில கம்ப்ளெயிண்ட்டும் காரணமும் வந்திருது பாருங்க.

ஹாட் பிளக், கோல்ட் பிளக் பத்தி கேட்டவருக்கு: வெப்பச்செருகி, குளிர்ச்செருகி ரெண்டும் ஏமாத்துற பேரு, பொறில சூடு கூடக்குறைய இல்ல. நீள மூக்கு சூட்ட வச்சிக்கும், குட்ட மூக்கு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்கு கடத்தி விட்டுரும். சூடுபிடிச் செருகி, சூடுவிடு செருகின்னு வச்சா கடைக்காரனுக்கே புரியும்.

கடைசியா யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 90கள்ல பொருளாதாரத் தடை இருந்தப்ப அங்க மோட்டார்சைக்கிள், பழைய காரெல்லாம் மண்ணெண்ணெய்லதான் ஓடுச்சு, ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெட்ரோல். பிளக்க கழட்டி கழட்டி மாட்டினவங்க உங்கள விட வேற யாரு இருக்க முடியும், அப்ப கராஜ்ல இதுக்கு என்ன சொல்லுவாங்க? அந்தச் சொல்லு என்னோடத விட நல்லா இருந்தா கரியேறல அடிச்சிட்டு அதையே போட்டுருவோம்.