கையுறையில் ஓட்டை இல்லை: வைரஸ் ஆய்வகத் தலைவர்களோடு நமக்கு நேர்ந்தவை

முன்னாள் ஆய்வு மாணவி:
மிகக் கொடிய கிருமிகளைக் கையாளும் நான்காம் நிலை ஆய்வகத்தின் கவச உடையும், கூரையிலிருந்து தொங்கும் காற்றுக் குழாயும் உங்களுக்குப் பழகியவை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எபோலா செலுத்திய எலிகளோடு வேலை பார்த்த ஒரு பிற்பகலில் ஊசி முனை என் வெளிக் கையுறையைக் கீறிவிட்டது. எங்கள் குழுத் தலைவர்தான் அன்று துணைக்கு உள்ளே இருந்தார். காற்றின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் என் மணிக்கட்டைப் பிடித்து வாசலைக் காட்டினார். ரசாயனக் குளியல் முடிந்து வெளியே வந்ததும், என் உள் கையுறையில் தண்ணீரை நிரப்பி, விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டும் கசியவில்லை. "ஓட்டை இல்லை, ஆனாலும் 21 நாள், காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்" என்றார். அதைச் சொல்லும்போது, முப்பது ஆண்டுகள் இந்தக் கிருமிகளோடு பழகிய அந்தக் கை நடுங்கியது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

மரபணு வரிசைப் பிரிவு:
மேலே எழுதியவர் நடுக்கத்தை மெச்சுகிறார். எனக்கோ கேள்விதான் எழுகிறது. எலியை முறையாக மயக்கியிருந்தால் ஊசி ஏன் நழுவுகிறது? 2009இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வகத்தில் ஒருவருக்கு எபோலா வைரஸ் இருந்த ஊசி தவறுதலாகக் குத்தியபோது, மனிதரிடம் சோதிக்கப்படாத தடுப்பூசியைக் கனடாவிலிருந்து வரவழைத்து இரண்டே நாளில் போட வேண்டியிருந்தது. அவர் தப்பினார், எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்காது.

என் அனுபவம் சிறியது. 2014இல் சியரா லியோனின் 78 நோயாளிகளிடமிருந்து பெற்ற 99 எபோலா மரபணுத் தொகுதிகளை அலசிய கட்டுரையை எங்கள் தலைவர் திரையில் காட்டினார். முதல் படத்துக்கே போகாமல் ஆசிரியர் பட்டியலில் நின்றுவிட்டார். கட்டுரை அச்சாகும் முன்பே அவர்களில் ஐந்து பேர் எபோலாவால் இறந்திருந்தார்கள். கெனிமா மருத்துவமனையின் டாக்டர் ஷேக் உமர் கான் அவர்களில் ஒருவர். தலைவர் ஐந்து பெயர்களையும் படித்தார், திரையை அணைத்தார், அன்று வகுப்பு நடக்கவில்லை.

உறைபெட்டிக் காவலன்:
நான் சேர்ந்த வாரத்தில், பெயர்ச்சீட்டு உரிந்த ஒரு மாதிரிக் குழாயை எங்கள் தலைவர் திறந்துகூடப் பார்க்காமல் நேரே அழிப்புக் கலனுக்கு அனுப்பினார். அவ்வளவுதான் என் கதை.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கேளுங்கள். வேலைக்குச் சேரும் முன், உறைபெட்டியில் என்னென்ன மாதிரிகள் இருக்கின்றன என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் தலைவரிடம் சேராதீர்கள். கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்று பாருங்கள். 2014இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், யாரும் நினைவில் வைத்திராத குளிர் அறைப் பெட்டி ஒன்றிலிருந்து பெரியம்மை வைரஸ் இருந்த குப்பிகள் கிடைத்தன. உலகை விட்டே அந்நோய் ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தாயிற்று. குப்பிகளோ அங்கேயே இருந்தன. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

முன்னாள் ஆய்வு மாணவி:
மரபணுப் பிரிவுக்காரருக்கு: எலி மயக்கத்தில்தான் இருந்தது. ஊசி போட்டு முடித்தபின், பழக்க தோஷத்தில் அதற்கு மூடி மாட்டப் போனேன். அப்படிச் செய்யவே கூடாது என்று முதல் நாளே எங்கள் தலைவர்தான் சொல்லிக்கொடுத்தார். எப்படிக் கீறியது என்று அவர் கேட்டபோது எலி துள்ளியது என்று சொல்லிவிட்டேன்.