‘லோபி’ என்றால் நேற்றா, நாளையா? லிங்காலா வினைச்சொற்களில் நாங்கள் சறுக்கிய இடங்கள்

கிடங்குக் கணக்கன்:

லிங்காலா மொழி புழங்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவுக்கு வந்த இரண்டாவது மாதம். பஸ் நிறுத்தத்தில் பார்த்த வீட்டுக்காரம்மா, “லோபி நயாக்கி” என்றார். ‘லோபி’ என்றால் நாளை என்று முந்தின வாரம்தான் படித்திருந்தேன். நாளை வாடகை வாங்க வருகிறார் போலும் என்று விடுப்பு எடுத்து, பணத்தை உறையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. சாயங்காலம் நானே தேடிப் போய்க் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டார். ‘நேற்று வந்தேன், நீ இல்லை’ என்று சொல்லத்தான் அன்று வாயெடுத்திருக்கிறார்.

‘லோபி’ என்பது இன்றிலிருந்து ஒரு நாள் தள்ளி, அவ்வளவுதான். முன்னாலா பின்னாலா என்பதை வினைதான் காட்டும். (இந்தி தெரிந்தவர்களுக்கு ‘கல்’ நினைவுக்கு வரும். எனக்கு அதுவும் தெரியாது.)

வருதல் என்பது ‘கோயா’. ‘கோ’வைக் கழற்றினால் ‘யா’ என்ற வேர் மிஞ்சும். அதன் முன்னால் ‘ந’ சேர்ந்தால் நான், ‘ஓ’ நீ, ‘அ’ அவன் அல்லது அவள், ‘தோ’ நாம், ‘போ’ நீங்கள், ‘ப’ அவர்கள். கடைசி இரண்டுக்கும் பஸ்ஸில் வரும் ‘ப’வின் ஒலி. ‘வந்தேன்’ என்பதில் ‘ஏன்’ என்று நாம் வாலில் வைப்பதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள். ‘நயாக்கி’ வந்தேன்; ‘நகோயா’ வருவேன். ‘கோ’ நடுவில் நுழைந்தால் எதிர்காலம், முடிவில் ‘ஆக்கி’ வந்தால் இறந்தகாலம். அந்த ‘ஆக்கி’யைக் கவனித்திருந்தால் எனக்கு ஒரு நாள் விடுப்பு மிஞ்சியிருக்கும்.

அதன்பின் அந்த அம்மாள் என்மேல் இரக்கப்பட்டு, ‘லோபி எலேக்கி’, ‘லோபி எகோயா’ என்று விளக்கமாகவே பேசினார். கடந்துபோன லோபி, வரப்போகிற லோபி. அந்த ‘எ’ நம்முடைய ‘அது’.

கோம்பே செவிலி:

அண்ணா, உங்களுக்கு ஒரு நாள்தான் போயிற்று. நான் ஆறு மாதம் தப்பாகவே பேசிக்கொண்டிருந்தேன்.

‘நஜாலி’ என்றால் இருக்கிறேன். ‘நஸாலி’ என்றால் செய்தேன். இங்கே ‘ஜ’ என்று நான் எழுதுவது வண்டு ரீங்கரிக்கும் ஒலி. தமிழ் நாக்குக்கு அது எளிதில் வராது. நலம் விசாரித்தவர்களிடமெல்லாம் ‘நன்றாகச் செய்தேன்’ என்று பதில் சொல்லியிருக்கிறேன். எதைச் செய்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மரியாதைக்காரர்கள்.

என்னை அதிகம் குழப்பியது ‘இ’ என்று முடியும் வடிவம். ‘நஸாலி’ செய்து முடித்தது. ஆனால் அதே ‘இ’ போட்ட ‘நயேபி’ தெரியும், ‘நலிங்கி’ வேண்டும். ஒன்று முடிந்துபோனது, மற்றவை இப்போது உள்ளவை. இது என்ன நியாயம் என்று கோபமாக வந்தது. ஒரு நாள் நோயாளிக்கு மாத்திரை வேளையைச் சொல்லிவிட்டு “ஓயோக்கி?” என்று கேட்டேன். “நயோக்கி” என்றார். மனதுக்குள் தமிழில் ஓடியது: ‘புரிந்ததா?’ ‘புரிந்தது.’ நாமும் இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு, இப்போது புரிந்திருப்பதைத்தானே குறிக்கிறோம்! அறிந்தாயிற்று, ஆகவே தெரியும். அன்றோடு அந்த ‘இ’ எனக்கு வசப்பட்டது.

அந்த ‘கோயோக்கா’வும் லேசுப்பட்ட வினை அல்ல. காதால் கேட்பது, உடம்பில் உணர்வது, புரிந்துகொள்வது எல்லாம் அதுதான். எங்கே வலிக்கிறது என்று கேட்க “ஓஜோயோக்கா ம்பாஸி வாப்பி?” என்பேன். வலியை எங்கே கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதுபோல முதலில் தோன்றும்.

வால்களும் பழகினால் சுவைதான். ‘கோயேபா’ தெரிதல், ‘கோயேபிஸா’ தெரிவித்தல். நம் ‘தெரி’, ‘தெரிவி’ அப்படியே. ‘கோலிங்கா’ நேசித்தல், ‘கோலிங்கானா’ ஒருவரையொருவர் நேசித்தல். இந்தத் தெம்பில், ‘ஸாலிஸா ங்காய்’ என்று ஒரு பாட்டி கையைப் பிடித்தபோது, ‘கோஸாலா’ செய்தல் என்றால் இது ‘என்னைச் செய்யவை’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, பாட்டியை நடக்கவைக்கப் பார்த்தேன். ‘எனக்கு உதவு’ என்று கேட்டிருக்கிறார். கட்டிலில் ஏறத்தான்.

அக்கரைக்காரன்:

நான் காங்கோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், கின்ஷாசாவுக்கு எதிரே உள்ள பிராசவில்லில் இருக்கிறேன். லிங்காலாவை மிஷன் வழிப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகீட் டெ பூக் என்ற பெல்ஜிய மிஷனரி, ஆற்று வணிகர்களின் பேச்சு இலக்கணம் குறைந்தது என்று கருதி, அதைச் செப்பனிட்டு எழுதினார். அந்த வழி நூல்களில் பெயர்ச்சொல்லின் இனத்துக்கு ஏற்ப வினையின் தலையும் மாறும். தெருவிலோ உயிரற்றவை அனைத்துக்கும் ஒரே ‘எ’. நான் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ததெல்லாம் வீண்.

டாக்ஸியில் ஏறி, ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்பதற்குப் புத்தகத்தில் உள்ளபடி “நஜாலி கோகெண்டே” என்று ஆரம்பித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “நீங்கள் பாதிரியாரா?” என்றார். ஊரில் அதைச் சுருக்கி ‘நஜோகெண்டே’ என்பார்கள்.

கிடங்குக் கணக்கன்:

மறுப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ‘தே’ என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘நயேபி’ தெரியும், ‘நயேபி தே’ தெரியாது. நம் ‘இல்லை’யும் கடைசியில்தானே வருகிறது என்று அசட்டையாக இருந்தேன். மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த மதியம், லாரி ஓட்டுநர் வந்தாரா என்று காவலாளியிடம் கேட்டேன். “அயேயி” என்பது காதில் விழுந்தது. வந்துவிட்டார் என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் வாசலுக்கு ஓடினேன். காலியான தெரு. பின்னாலேயே நடந்து வந்த காவலாளி, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “தே, பாப்பா! தே!” என்றார்.